கால் கிலோ ஆமணக்கு

1

போன வருஷம் இதே மாதத்தில் என் அக்கா வசந்தா கச்சிராயபாளையத்திலிருந்து எனக்கு ஒரு பொட்டலம் அனுப்பினாள். பொட்டலம் ஜெர்மனி வந்து சேர்ந்தது. அது என் கண்ணில் படுவதற்குள் அக்கா போய்விட்டாள்.

நேற்று அக்கா மகள் கலை போன் செய்தாள். முதல் வருஷப் படையலுக்கு என்னென்ன வைப்பது என்று கேட்டாள். "அம்மாவுக்கு இன்னா புடிக்கும்னு உங்களுக்குத்தானுங்க மாமா தெரியும், சின்ன வயசுலேருந்து கூட இருந்தவங்க நீங்க" என்றாள். யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. எது சமைத்தாலும் எங்களுக்கெல்லாம் போட்டுவிட்டுக் கடைசியில் சாப்பிட்டவள், பிடித்தது பிடிக்காதது என்று எதைச் சொன்னாள்? "வடை வை" என்று சும்மா சொல்லிவைத்தேன். எனக்கு அக்காவைப் பற்றித் தெரிந்தது கம்மி. அக்காவுக்கு என்னைப் பற்றி எவ்வளவு தெரிந்திருந்தது என்பது போன வருஷம்தான் எனக்குத் தெரிந்தது.

வெளிநாட்டிலிருந்து ஒருவன் எழுதுகிறான் என்றால் பனி, ரயில், சுத்தமான ரோடு என்று ஊரில் எதிர்பார்ப்பீர்கள். எல்லாம் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. நான் எழுத உட்கார்ந்தது அதைப் பற்றி அல்ல. அக்காவிடம் நான் ஒப்புக்கொள்ள வேண்டிய காரியம் ஒன்று இருந்தது. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒவ்வொரு முறை ஊருக்கு விமானம் ஏறும்போதும் இந்தத் தடவை சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஏறுவேன். சின்னசேலத்தில் ரயிலை விட்டு இறங்கும்போதுகூட வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். அக்கா வாசலில் நின்று "இன்னாடா இப்பிடி எளச்சிட்ட" என்பாள். அவ்வளவுதான், சொல்ல வந்தது உள்ளேயே நின்றுவிடும்.

2

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்த ஆமணக்குக் கதை புரியாது.

நான் ஒரு மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். அங்கே செய்கிற ஊசி மருந்துகள் புரதங்கள். பெரிய எஃகுத் தொட்டிகளில் உயிரணுக்களை வளர்த்து, அவற்றைக் கொண்டு புரதத்தைச் செய்யவைக்கிறார்கள். உயிரணுக்கள் புரதத்தை வெறுமனே அனுப்புவதில்லை. மேலே சர்க்கரைகளைக் கிளை கிளையாக ஒட்டி அனுப்புகின்றன. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் சியாலிக் அமிலம் என்று ஒரு சர்க்கரை மூடி போல உட்கார்ந்திருக்க வேண்டும். மூடி இல்லாவிட்டால் அதற்கு அடியில் இருக்கிற காலக்டோஸ் என்ற சர்க்கரை வெளியே தெரியும். தெரிந்தால் போச்சு, நம் ஈரல் அதைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். மருந்து ரத்தத்தில் நிற்காது. ஊசி குத்திய வலிதான் மிச்சம்.

மூடி இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்கச் செடிகளிடம்தான் போக வேண்டியிருக்கிறது. சில விதைகளிலும் பட்டைகளிலும் லெக்டின் என்கிற புரதம் இருக்கிறது. ஒவ்வொரு லெக்டினுக்கும் ஒரு தனிப்பட்ட சர்க்கரை மேல்தான் பிடிப்பு, மற்றதை அநேகமாகச் சட்டை செய்யாது. ஆமணக்கு விதையின் லெக்டின் காலக்டோஸைப் பிடிக்கும். சிறு குழிகள் உள்ள தட்டில் அதைப் பூசிவைத்து, மேலே மருந்தை ஊற்றிக் கழுவினால், மூடி கழன்றவை மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று அளந்து எழுதுவேன். ஜாஸ்தி ஒட்டினால் அந்த மருந்து வெளியே போகாது. இருபத்திரண்டு வருஷமாக இதுதான் பிழைப்பு. பலாக்கொட்டையிலிருந்து ஒரு லெக்டின், வாளவரையிலிருந்து ஒரு லெக்டின் என்று இன்னும் சில உண்டு. கல்வராயன் மலையில் கேட்பாரில்லாமல் உதிர்ந்து கிடப்பதும் எங்கள் வேலியோரம் ஆடு மேயாமல் விட்டதும் இங்கே கண்ணாடிக் குப்பிக்குள், உறைபெட்டியில், பூட்டோடு இருக்கின்றன.

அக்காவுக்கு ஐந்து வருஷத்துக்கு முன்னால் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரம் இரண்டு நாள் கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறிப் போய் டயாலிசிஸ். ரத்தம் ஊறுவதற்கு அவளுக்குப் போட்ட ஊசியும் இந்தச் சர்க்கரை ஒட்டிய புரத ஜாதிதான். இங்கே மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடுவேன். அங்கே அப்போது சாயங்காலம்.

ஒரு நாள் கேட்டாள், "நீ அங்க இன்னாதான்டா பண்ற? கேக்கறவங்களுக்கு எனக்குச் சொல்லத் தெரில."

"ஊசி மருந்துல சர்க்கர சரியா ஒட்டிகீதான்னு பாக்கறன்க்கா."

"சர்க்கரயா? அதுக்கா அவ்ளோ தூரம் போன? மூங்கில்துறப்பட்டு மில்லுலயே வேல கேட்டிருக்கலாமே. அங்கயுந்தான் கரும்பப் புழிஞ்சி சர்க்கர எவ்ளோன்னு பாக்கறாங்க."

சிரித்து முடித்து விளக்கிச் சொன்னேன். கவனமாகக் கேட்டாள். எப்போதும் அப்படித்தான், புரியும்வரை விடமாட்டாள்.

"அப்ப எனக்குப் போடற ஊசி நீ பாத்ததா?"

"இல்லக்கா, அது வேற கம்பெனி. அதே மாரிதான்."

"அதே மாரின்னா நீ பாத்ததுதான்" என்று முடித்துவிட்டாள். வார்டு முழுக்க "எந்தம்பி பாத்து அனுப்பற ஊசி" என்று சொல்லிவைத்திருக்கிறாள். ஒரு நாள் பக்கத்துப் படுக்கைக்காரர் வீடியோவில் எனக்குக் கும்பிடு போட்டார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, நானும் கும்பிட்டேன்.

"புடிச்சதுங்கள எப்பிடி வுட வெப்பீங்க?" என்றும் கேட்டாள்.

"இழுக்கக் கூடாதுக்கா. அது தேடற சர்க்கரயத் தனியா நெறய ஊத்துனா, அதுவே புடிய வுட்டுடும்."

"கொழந்த கையில கத்தி இருந்தா முட்டாயக் காட்டி வாங்கற மாரி. சரி, அந்தப் புடிக்கிற சாமானு எங்க கெடைக்கும்?"

"ஆமணக்குக் கொட்டயிலதான் எடுக்கறாங்க."

"வெளக்கெண்ண ஆமணக்கா?" என்று அவள் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. "அதப் போயி பூட்டி வெச்சிக்கினு இருக்கீங்களா? இங்க ரோட்டோரம் சும்மா மொளச்சிக் கெடக்குது. அனுப்பட்டா?"

"அனுப்பு, அனுப்பு" என்றேன்.

விளையாட்டாகத்தான் சொன்னேன். படித்தவன் விளையாட்டாகப் பேசுவதை ஊரில் நம்பிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

3

இனி அந்தக் காரியம்.

நான் பிளஸ் டூ முடித்திருந்தேன். இடஒதுக்கீட்டுக்காக எங்கள் பக்கமெல்லாம் எங்கள் ஜனங்கள் ரோட்டில் இறங்கியிருந்த காலம். கோரிக்கையைத் தப்பென்று சொல்லமாட்டேன். அதனால் திறந்த கதவு வழியாகத்தான் நான் கல்லூரிக்குள் போனேன், இந்தச் சோறு அதில் வந்தது. அதே நாட்களில் சில ஊர்களில் கோபம் போகக் கூடாத பக்கம் போனதும், ஒன்றுமில்லாதவர்களின் குடிசைகள் எரிந்ததும் எனக்கு மறக்கவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஊர் ரிஷிவந்தியத்துக்குப் பக்கம். அக்கா என்னைவிட இரண்டு வயசு மூத்தவள். நர்ஸ் பயிற்சிக்கு எழுதிப் போட்டிருந்தாள், நேர்முகத்துக்கு வரச் சொல்லிக் கார்டு வந்தது. அப்போது கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகவில்லை, எல்லாவற்றுக்கும் கடலூர்தான். காலை பதினொரு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். பச்சைப் புடவை ஒன்றை இஸ்திரி போட்டு மடித்துவைத்தாள். சான்றிதழ்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, வெளியே எடுப்பதும் உள்ளே வைப்பதுமாக இருந்தாள்.

அன்றைக்குத்தான் மறியல். மாமன் மகன் கூப்பிட்டான் என்று நான் விடிவதற்கு முன்னாலேயே வூட்டை விட்டுக் கிளம்பினேன். திருக்கோவிலூர் ரோட்டில், எங்கள் ஊரிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி ஒரு வளைவு. பல ஊர் ஆட்கள் அங்கே கூடியிருந்தார்கள், என்னைத் தவிர எங்கள் ஊர்க்காரர் யாரும் இல்லை, மாமன் மகனும் அடுத்த மறியலுக்குப் போய்விட்டான். ரோட்டோரப் புளியமரத்தை வெட்டினோம். கோடாலி கை மாறி மாறி என்னிடமும் வந்தது. அக்கா முதல் பஸ்ஸில் போயிருப்பாள், மரம் விழுவதற்குள் தாண்டியிருப்பாள் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். முதல் பஸ் அன்றைக்கு வரவே இல்லை.

மரம் குறுக்கே விழுந்த பிறகு சாவுக்குப் போகிற டிராக்டர் ஒன்று வந்தது. வந்தவர்கள் கேட்டார்கள். ஓரத்துக் கிளைகளைக் கழித்து வழி விட்டோம். கேட்டால் விட்டார்கள், இதை நான் திரும்பத் திரும்ப எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

எட்டு மணி வாக்கில் பஸ் வந்து நின்றது. மூன்றாவது ஜன்னலில் பச்சைப் புடவை. சாய்ந்த மரத்துக்குப் பின்னால் ஆமணக்குப் புதர் ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. அதற்குள் போய்க் குந்திக்கொண்டேன். அக்கா இறங்கி வந்தாள். கவரை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"அண்ணே, கடலூருல இண்டர்வியூ. நர்ஸு வேலைக்கு. ஒரு ஆளு போற வழி வுட்டா, அந்தாண்ட போயி வேற வண்டி புடிச்சிக்குவன்."

"அந்தாண்ட மட்டும் இன்னா வண்டி ஓடுதா? இன்னும் நாலு எடத்துல மரம் கெடக்குதும்மா."

"லாரி, டிராக்டர், எதுனா வரும். போயிடுவன்."

வயசானவர் ஒருவர் எழுந்து வந்தார். கோபக்காரர் இல்லை. "நம்ம பையன்ங்க வண்டி இருக்குது, சொன்னா கொண்டாந்து வுடுவாங்க. இதுல ஒனக்குத் தெரிஞ்சவங்க யாருனா இருக்காங்களாம்மா? இருந்தா சொல்லு, அனுப்பி வெக்கிறன்."

எழுந்து நின்றிருந்தால் போதும். "எங்க அக்கா" என்று இரண்டு வார்த்தை. ஆனால் காலையிலிருந்து கூட நின்று கத்தியிருக்கிறேன், யாருக்கும் வழி விடக் கூடாது என்று எல்லாரையும் விட உரக்கக் கத்தியவன் நான்தான். இப்போது என் அக்காவுக்கு வழி கேட்டால் சிரிப்பார்களே என்று இருந்தது. பதினேழு வயசில் சிரிப்பார்களே என்பதைவிடப் பெரிய பயம் எது? தூசியில் மூக்கு அரித்தது. வாயைப் பொத்திக்கொண்டு உள்ளுக்குள்ளேயே தும்மினேன்.

அக்கா ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "யாருமில்லிங்க" என்றாள். திரும்பி நடந்தாள். ஆறு கிலோமீட்டர்.

சாயங்காலம் நான் வூட்டுக்குப் போனபோது அவள் பழைய புடவைக்கு மாறியிருந்தாள். "பஸ்ஸு போவல" என்று மட்டும் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். என் உள்ளங்கை இரண்டும் கொப்புளம். கரும்பு வெட்டினேன் என்றேன். "கரும்பு இன்னும் வெட்டுக்கே வர்லியேடா" என்றாள் அம்மா. "எவன் கொல்லையில வெட்டுனானோ, வுடும்மா" என்று சொல்லிவிட்டு அக்கா விளக்கெண்ணெயைச் சூடு பண்ணி எடுத்து வந்தாள். என் கையைத் தன் மடியில் வைத்துத் தடவிவிட்டாள்.

அவளுக்கு இன்னொரு கார்டு வரவில்லை. அடுத்த வருஷம் கல்யாணம், கல்வராயன் மலையிலிருந்து புளியும் பலாவும் இறக்குகிற கச்சிராயபாளையத்து டெம்போக்காரருக்கு. நல்ல மனுஷர், அவரும் போய் எட்டு வருஷம் ஆகிறது. டயாலிசிஸ் வார்டில் ஊசி போட வரும் நர்ஸ் பெண்களிடம் அக்கா, "நானும் இந்த உடுப்பு போட்டிருக்க வேண்டியவதான்டி, பஸ்ஸு போவல" என்று சொல்லிச் சிரிப்பாளாம். கலை இதை எனக்கு வேடிக்கையாகத்தான் சொன்னாள்.

4

சுங்கத்துறைக் கடிதம் இரண்டு பக்கம். என் பெயருக்கு இந்தியாவிலிருந்து வந்த பொட்டலத்தில் நச்சு விதைகள் இருப்பதாக ஸ்கேனில் தெரிகிறது, நேரில் வர வேண்டும், அதுவரை நிறுத்திவைக்கப்படும் என்று இருந்தது. இந்த ஊர் அரசாங்க எழுத்து இருபத்து நான்கு வருஷத்துக்குப் பிறகும் எனக்குச் சரியாகப் பிடிபடாது. என் மகள் யாழினிதான் படித்து அர்த்தம் சொன்னாள். அவள் இங்கேயே பிறந்தவள், இருபது வயசு, வேறு ஊரில் சட்டம் படிக்கிறாள். நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். தமிழ் எழுத்து தெரியாது. சனிக்கிழமைப் பள்ளிக்கு இரண்டு வருஷம் போனாள், அப்புறம் நீச்சல் வகுப்பு சனிக்கிழமைக்கு மாறியது. நாங்களும் விட்டுவிட்டோம்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்த மாதம்தான் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தேன். உங்கள் மேல் ஏதாவது விசாரணை உண்டா என்று அதில் ஒரு கேள்வி. மருந்துக் கம்பெனிக்காரன் பெயருக்கு விஷ விதை வந்தது என்றால் யார் சும்மா இருப்பார்கள்? கம்பெனி கார் நிறுத்தத்தில் நின்றுகொண்டு அக்காவைக் கூப்பிட்டேன்.

"இன்னாக்கா அனுப்புன?"

"வந்துடுச்சா?" குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"ஒனக்குப் புத்தி கீதா? இந்த நாட்ல அது விஷம். என் பேருல கேஸு போட்டா நா இன்னா பண்ணுவன்?"

"நீதான்டா அனுப்பச் சொன்ன."

"வெளையாட்டுக்குச் சொன்னன். அதக்கூடவா புரிஞ்சிக்க மாட்ட?"

அப்புறம் கேட்டாள், "பொட்டலத்தப் பிரிச்சியா?"

"எங்க பிரிக்க வுடுவான்? அப்பிடியே கொளுத்திடுவான்."

"பிரிக்காமலேவா?"

"ஆமா."

"சரி வுடு. கேஸு கீஸு இல்லாம பாத்துக்க. சாப்ட்டியா?"

சாப்பிட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அதுதான் நான் அவளோடு பேசிய கடைசிப் பேச்சு. அந்த வாரமும் அடுத்த வாரமும் கூப்பிடவில்லை. கோபம் இரண்டு நாளில் போய்விட்டது, கூப்பிடத்தான் கூச்சமாக இருந்தது.

5

கலை கூப்பிட்டாள். டயாலிசிஸுக்குக் கிளம்பிப் புடவை கட்டிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாளாம். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

நான் போகவில்லை. போக முடியவில்லை என்று எழுதத்தான் முதலில் பேனாவை வைத்தேன், அது பொய். இங்கே தங்குவதற்கான என் வதிவிட அட்டை புதுப்பிக்கப் போயிருந்தது உண்மை. அது இல்லாமல் நாட்டை விட்டுப் போனால் திரும்பி வருவது சிக்கல் என்பதும் உண்மை. ஆனால் சாவு என்று சொன்னால் அதே நாளில் ஒரு தற்காலிகக் காகிதம் தருவார்கள். எனக்குத் தெரியும். அலுவலகம் வரைக்கும் போய், வாசலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். கேட்காமல் இருப்பது எனக்குப் பழைய பழக்கம்.

காரியம் முடிந்த பிறகு கலையிடம் பேசினேன். அவள் அழுதுகொண்டே ஒன்று சொன்னாள். "அந்த ஆமணக்குக்கு அம்மா எவ்ளோ அலஞ்சாங்க தெரியுங்களா மாமா? இங்க மலயடியில இல்லாத ஆமணக்கா? டயாலிசிஸ் இல்லாத நாளாப் பாத்து ரெண்டு பஸ்ஸு மாறி உங்க ஊரு பக்கம் போயி பறிச்சிக்கினு வந்தாங்க. முடியாத ஒடம்போட ஏம்மான்னு கேட்டன். உனக்குத் தெரியாது போடின்னுட்டாங்க."

எனக்கும் தெரியவில்லை. பிறந்த ஊர் ஆசை என்று நினைத்துக்கொண்டேன்.

6

சுங்க அலுவலகத்துக்கு யாழினியும் வந்தாள். நான் தனியாகப் போனால் ஏதாவது தப்பான கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவேன் என்று அவளுக்குப் பயம். பயத்தில் ஞாயம் இருக்கிறது. பதற்றம் வந்தால் மரியாதைச் சொல் எனக்கு மறந்துவிடும். அன்றைக்கும் அந்த அதிகாரி அம்மாவை எடுத்த எடுப்பில் 'நீ' என்று பேசிவிட்டேன். யாழினி மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். நல்லவேளை, அந்த அம்மா சிரித்துவிட்டார்.

கேஸெல்லாம் ஒன்றும் இல்லை. பொட்டலத்தை என் முன்னால் பிரித்துப் பார்க்க வேண்டும், நான் ஒப்புதல் கொடுத்தால் அழித்துவிடுவார்கள், அவ்வளவுதான். பிரிக்க விடமாட்டார்கள் என்று அக்காவிடம் கத்தினேனே, அது நானாகச் சொன்னது. அதிகாரி கையுறை போட்டுக்கொண்டு கத்தரியால் வெட்டினார். உள்ளே பழைய புடவைத் துணியில் கையால் தைத்த பை. அதற்குள் ஆமணக்கு, தோல் உரித்து, பொக்கு நீக்கி, ஒரே அளவாகப் பொறுக்கியது. கால் கிலோ இருக்கும். பளபளவென்று புள்ளி புள்ளியாக இருந்தன. வேலைக்கு ஆகட்டும் என்று நல்லதாகப் பார்த்து எடுத்திருக்கிறாள்.

நடுவில் நான்காக மடித்த கோடு போட்ட தாள் ஒன்று இருந்தது. அதிகாரி பிரித்து மேசையில் வைத்தார். அவருக்கு அந்த எழுத்து தெரியாது. யாழினிக்கும் தெரியாது. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"தம்பிக்கு. இது திருக்கோவிலூர் ரோடு வளைவுல இருக்கிற ஆமணக்கு. அன்னிக்கு நீ ஒக்காந்திருந்த எடம். இன்னமும் அங்க மொளச்சிக்கினுதான் இருக்கு. நீ தும்முனது எனக்குக் கேட்டுச்சி. ஊருக்கு வரும்போதெல்லாம் எதயோ சொல்ல வந்து முழிச்சிட்டுப் போற. சொல்லவாணாம் வுடு. இப்படிக்கு வசந்தா."

ஒரு தடவை படித்தேன். இன்னொரு தடவை படித்தேன். யாருமில்லிங்க என்று சொன்னாளே, அது என் தும்மலைக் கேட்ட பிறகு சொன்னது. நான் சொல்லாத அந்த இரண்டு வார்த்தைக்காக ஆறு கிலோமீட்டர் நடந்தாள். சாயங்காலம் என் கையை மடியில் வைத்து எண்ணெய் தடவினாள். அதற்கப்புறம் முப்பத்தைந்து வருஷம் ஒரு சாடை, ஒரு குத்தல் இல்லை.

"என்ன எழுதியிருக்கிறது? உபயோகிக்கும் முறையா?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்லை. எந்த இடத்தில் பறித்தது என்று எழுதியிருக்கிறார்."

அவருக்குத் திருப்தி. விளைந்த இடம் என்ற கட்டத்தைக் காட்டி அதை எழுதச் சொன்னார். எழுதினேன். தாளை ஒரு நகல் எடுத்துக்கொண்டு என்னிடமே கொடுத்துவிட்டார். விதைகளைத் தர முடியாது, மன்னிக்கவும் என்றார். ஒன்றே ஒன்றாவது என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

படிவத்தின் கடைசியில் ஒரு கேள்வி. பொருள் அழிக்கப்பட்டதை அனுப்பியவருக்குத் தெரிவிக்க வேண்டுமா? ஆம், இல்லை. யாழினி தன் அரைகுறைத் தமிழில் மெதுவாகச் சொன்னாள், "அப்பா, இல்லை போடு. அத்தை இல்லை இப்போ." எனக்காக அவள் தமிழில் பேசி எவ்வளவோ நாளாகியிருந்தது.

ஆம் என்ற கட்டத்தில் குறி போட்டேன். அக்காவின் பெயரையும் கச்சிராயபாளையம் முகவரியையும் தெளிவாக எழுதினேன். காரில் ஏறிய பிறகு யாழினி, "அந்தப் பேப்பரில் அவ்வளவுதான் இருந்ததா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் என்றேன். அவளிடமும் சொல்லவில்லை பாருங்கள்.

7

ஒன்றரை மாதம் கழித்து ஒரு மதியம், தட்டில் ஆமணக்கு லெக்டினைப் பூசி ஊறவைத்துவிட்டுச் சாப்பிட வெளியே வந்திருந்தேன். கலை கூப்பிட்டாள்.

"மாமா, அம்மா பேருக்கு உங்க நாட்லேருந்து ஒரு கடுதாசி வந்துகீதுங்க. முத்திரையெல்லாம் குத்திகீது. செத்தவங்க பேருக்கு வந்தத வாங்கலாமான்னு தபால்காரரே யோசிச்சாரு. நாந்தான் கையெழுத்துப் போட்டு வாங்கனன். எங்க யாருக்கும் ஒண்ணும் புரில. போட்டோ எடுத்து அனுப்பட்டுங்களா?"

அனுப்பினாள். நாலே வரிதான். படித்துவிட்டு அவளைத் திரும்பக் கூப்பிட்டேன்.

"கலை, அம்மா படம் எங்க மாட்டிகீது?"

"இதோ, எதுக்கத்தான் மாமா."

"கடுதாசிய அதுங்கிட்ட வெச்சிட்டு, போன ஸ்பீக்கருல போடும்மா. நா படிச்சிச் சொல்றன்."

அவள் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. கார் நிறுத்தத்தில், அன்றைக்கு நான் நின்று கத்திய அதே இடத்தில் நின்றுகொண்டு படித்தேன்.

"மதிப்புக்குரிய வசந்தா அவர்களுக்கு. நீங்கள் அனுப்பிய கால் கிலோ ஆமணக்கு விதை இங்கே வந்து சேர்ந்தது. இந்த நாட்டுச் சட்டப்படி அதை உரியவரிடம் கொடுக்க முடியவில்லை. அது அழிக்கப்பட்டுவிட்டது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்."

கடிதம் அங்கே முடிந்துவிட்டது. நான் நிறுத்தவில்லை.

"பையைப் பிரித்தோம். உள்ளே இருந்த தாளை உங்கள் தம்பி படித்தார். அன்றைக்கு மரத்தை வெட்டியவர்களில் அவரும் ஒருவர். நீங்கள் வழி கேட்டபோது அவர் புதருக்குள் இருந்தார். எழுந்து நின்று எங்க அக்கா என்று சொல்லியிருந்தால் உங்களைக் கடலூர் அனுப்பியிருப்பார்கள். சிரிப்பார்களே என்று சொல்லவில்லை. நீங்கள் போக வேண்டிய பஸ்ஸை நிறுத்தியது உங்கள் தம்பிதான். இதை நேரில் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. கடைசியாகப் பேசியபோதும் உங்களைத் திட்டினார். நீங்கள் இறந்தபோதும் வரவில்லை. பொறுத்துக்கொள்ள வேண்டும்."

அந்தப் பக்கம் கச்சிராயபாளையம் ரோட்டில் ஏதோ ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"மாமா" என்றாள் கலை. "நாலு வரிதான இருந்துது. இதெல்லாமா அதுல எழுதிகீது?"

"ஆமாம்மா" என்றேன். "அதுலதான் எழுதிகீது."